நான்கு மணி நேர மாத்திரையும் நாள் முழுதுக்குமான மாத்திரையும்

வாசகரே, உங்களை நான் நடுவராக அழைக்கவில்லை, சாட்சியாக அழைக்கிறேன். நடுவருக்குத் தீர்ப்புச் சொல்லும் சுமை உண்டு. சாட்சி பக்கத்தில் இருந்தால் போதும். இரண்டு மாத்திரைகளை நான் எப்படி ஒப்பிட்டேன், ஒப்பிட்டதில் எங்கே சறுக்கினேன் என்பதற்கு என்னைத் தவிர ஒருவராவது உடனிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எனக்கு இருபத்தாறு வயது. ஊட்டியில், காந்தலில் அக்காவோடு வசிக்கிறேன். குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், மூட்டைகளுக்கு ரகச் சீட்டு ஒட்டி அனுப்பும் வேலை. பள்ளி நாள் முதல் மேடைப் பேச்சு. கையில் குறிப்பு ஏதுமின்றி இருபது நிமிடம் பேசுவேன் என்பதில் எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைத்ததும் இல்லை. ஆனால் மேடையை விட்டு இறங்கினால், ஒரு மூட்டைக்கு ஒரு சீட்டைச் சரியாக ஒட்ட வராது. தூள் ரகத்துக்கு இலை ரகத்தின் சீட்டை மூன்றாம் முறையும் ஒட்டி அனுப்பிய அன்று, அக்கா என்னைக் கோயம்புத்தூரில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் என் பள்ளிக் காலம் தொட்டு விசாரித்தார். ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்தார். பிறகு, ஏ.டி.எச்.டி. என்னும் கவனக் குறைபாடு பிள்ளைகளோடு நின்றுவிடுவதில்லை, வளர்ந்தவர்களோடும் கூடவே வரும் என்றார்.

முதலில் தந்தது குறுகிய நேர மாத்திரை. காலையில் ஒன்று, மதியம் ஒன்று. கேத்திப் பள்ளத்தாக்கில் பனி விலகுகையில் முதலில் ஒரு கூரை, பிறகு ஒரு சாலை, பிறகு அந்தச் சாலையில் போகும் பால்வண்டி என்று ஒவ்வொன்றாகத் தெரியும் அல்லவா? விழுங்கிய அரை மணியில் என் வேலை எனக்கு அப்படித்தான் தெரிந்தது. மூட்டை, சீட்டு, பசை, என் கை. இவ்வளவு காலம் இவை எல்லாம் இங்கேயேதான் இருந்தனவா என்று வியந்து நின்றேன். நான்கு மணி நேரம் கழிந்ததும் பனி திரும்பும். அது மெல்ல வருவதில்லை. யாரோ கதவை அறைந்து சாத்தியது போல் வரும். கூடவே பசியும், காரணமில்லாத ஒரு சீற்றமும்.

"ஏன்டா, மணி அஞ்சாச்சா?" என்பாள் அக்கா, கடிகாரத்தைப் பார்க்காமலே.

"எப்படிச் சொல்றே?"

"டீயில சக்கரை போதுமான்னு கேட்டதுக்கு ஒரு மாதிரி பாத்தியே, அதுலதான்."

இரண்டாம் மாதம் மருத்துவர் நீண்ட நேர மாத்திரைக்கு மாற்றினார். காலை உணவோடு ஒன்று. மாலை வரை அதுவே. மலை ரயில் பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறுவதைப் போல ஒரே சீரான நடை. வந்ததும் தெரியாது, போவதும் தெரியாது. மதியச் சோறு மட்டும் காகிதமாய் ருசித்தது. தாமதமாக விழுங்கிய நாளில் தூக்கம் தள்ளிப் போனது. ஆனால் அந்த மாதம் முழுதும் ஒரு சீட்டும் மாறவில்லை.

அடுத்த முறை கோயம்புத்தூர் போனபோது, இரு மாத்திரைகளையும் எதிரெதிரே நிறுத்தி மருத்துவர் முன் ஒரு முழு உரை ஆற்றினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"நல்லாப் பேசறீங்க தம்பி. யார் ஜெயிச்சாங்க?"

"தீர்ப்பு நீங்கதான் சொல்லணுமுங்க டாக்டர்."

"ரெண்டுக்குள்ளயும் இருக்கறது ஒரே மருந்து. மெத்தில்ஃபெனிடேட். ஒண்ணு மொத்தமா இறங்குது, இன்னொண்ணு கொஞ்சங் கொஞ்சமா இறங்குது. இதுல எதிரணி எங்க இருக்கு?"

விடுவேனா? வெளிநாடுகளில் ஆம்ஃபெட்டமின் வகையும் தருகிறார்களாமே என்று கேட்டேன்.

"சிலருக்கு அது ஒத்து வரும், சிலருக்கு இது. இங்க நமக்குக் கைக்கு எட்டறது இதுதான். இது மாதிரி மூளையைத் தூண்டற ஊக்கி வகையில சேராத மருந்தும் இருக்கு, பலன் முழுசாத் தெரியச் சில வாரம் ஆகும். இது ஒத்து வரலைன்னா அதை யோசிக்கலாம். எது ஒசத்தின்னு பாக்காதீங்க. உங்க நாளுக்கு எத்தனை மணி நேரம் கவனம் வேணும், பசி எப்படி, தூக்கம் எப்படின்னு எழுதிட்டு வாங்க. மீந்த பழைய மாத்திரையைத் திருப்பிக் கொண்டாந்துருங்க. நீங்களா எதையும் மாத்தாதீங்க."

"சரிங்க" என்றேன். பழைய மாத்திரைகள் அலமாரியிலேயே இருந்தன. இன்னொன்றையும் அவரிடம் சொல்லாமல் வந்தேன். அதுதான் உண்மையில் என்னை வாட்டிக்கொண்டிருந்தது.

காந்தலின் சரிவில் நடந்தபடியே பேசிப் பழகுவது என் வழக்கம். முன்பெல்லாம் மழை என்று தொடங்கினால் போதும். அந்தச் சொல் ஓடையில் விழுந்த இலையாய் எங்கெங்கோ போகும்; கேரட் கழுவும் தொட்டியைச் சுற்றும், சர்ச்சு மணியில் ஒதுங்கும், முடிவில் நான் நினைத்தே பார்த்திராத ஓர் உவமையோடு கரை சேரும். நீண்ட நேர மாத்திரை நாட்களில் மழை என்றால் மழை மட்டுமே வந்தது. வாக்கியங்கள் இஸ்திரி போட்ட சட்டைகள் போல வரிசையாகத் தொங்கின. வேலை கைக்கு வந்தது, நாக்கு போனது என்று நான் அஞ்சினேன். பேச்சாளன் என்பதைக் கழித்துவிட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த அச்சத்தோடுதான் பொங்கல் விழாவுக்குப் போனேன். குன்னூரில் ஒரு மண்டபம். 'நீலகிரிக்கு அழகு மழையா, வெயிலா?' என்று பட்டிமன்றம். மழை அணிக்கு நான் தலைவன்; அந்தப் பொறுப்பு முதல்முறையாக வந்திருந்தது. குறுகிய நேர மாத்திரை ஏறுகிற முதல் ஒரு மணி நேரத்தில் சொற்கள் வரிசைக்கு வந்துவிடும், சொல்லை அலையவிடும் அந்தக் கனவும் முழுதாய்க் கலைந்திருக்காது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. அன்று காலை நீண்ட நேர மாத்திரையை விழுங்கவில்லை. அழைப்பிதழில் மூன்றரை மணி என்றிருந்தது. மூன்று மணிக்குப் பழையதில் ஒன்றைப் போட்டுக்கொண்டேன்.

இத்தனை ஆண்டுகளாக அணியில் இளையவன் என்பதால் முதலில் பேசியே பழகியவன் நான். அணித்தலைவர் கடைசியில்தான் பேசுவார். மேடையேறும் எவருக்கும் தெரிந்த வழக்கம் அது. தலைவனாகிவிட்ட பூரிப்பில் அந்த வழக்கத்தை மறந்து, பழைய வரிசைக்குக் கணக்கிட்டு மாத்திரை போட்டிருந்தேன்.

வரவேற்புரை தொடங்கியது. பொன்னாடைகள் வந்துகொண்டே இருந்தன. ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள் பனியில் ஒவ்வொன்றாக மூழ்கின. உள்ளே நான் கண்ணாடி போலத் தெளிந்திருந்தேன். வாழ்நாளில் ஒரு வரவேற்புரையை ஒரு சொல் விடாமல் கேட்டது அன்றுதான். நடுவர் பேசி, இரு அணியிலும் ஒவ்வொருவராகப் பேசி, என் முறை வர ஏழு மணி தாண்டிவிட்டது. அதற்குள் மாத்திரையின் நான்கு மணி நேரம் தீர்ந்து, என் கதவு சாத்திக்கொண்டுவிட்டது. மதியம் சாப்பிடவும் இல்லை.

எனக்கு முன் பேசியவர் வெயில் அணித் தலைவி; கூடலூரில் ஆசிரியை. இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம். அவர் முடிக்கும்போது, "நடுவர் அவர்களே, எதிரணித் தம்பி மூன்றரை மணியிலிருந்து பனிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சம் வெயிலில் காயப்போட்டு எடுங்கள்" என்றார். மண்டபம் சிரித்தது. நல்ல கேலிதான். வேறொரு நாளென்றால் நானும் சிரித்து, அதையே பிடித்து மேலே ஏறியிருப்பேன்.

எழுந்து நின்றேன். முதல் வாதம் நினைவில் இல்லை. இரண்டாவதும் இல்லை. வெறுமையாய்க் கிடந்த அந்த இடத்தில் சீற்றம் மட்டும் ஆயத்தமாய் நின்றது.

"கடல் தாண்டி வந்தவர்களுக்கு இந்த மலையின் மழை எப்படிப் புரியும்?"

ஒருவரும் கைதட்டவில்லை. முன் வரிசைகளில் பாதிப் பேர் அப்படிக் கடல் தாண்டி வந்தவர்களின் பிள்ளைகள். நான் மேற்கொண்டு ஏதோ சொன்னேன். என்னவென்று இன்றும் தெரியாது. நேரம் மீதியிருக்கையிலேயே நடுவர் மணியடித்தார்.

வெளியே அக்கா ஒரு பன்னோடு நின்றிருந்தாள். நான்கு மணி நேரக் கதையை அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"பசி மாத்திரையால வந்துச்சு. கோவமும் அதனாலயே வந்துச்சுன்னு வெச்சுக்கலாம். அந்த வார்த்தை மாத்திரைக்குள்ள இருந்துச்சாடா?"

பன்னை வாங்காமல் மண்டபத்துப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன்.

ஆசிரியை படியிறங்கி வந்தார். "மன்னிச்சுக்குங்க, மேடம். நான் சொன்னது தப்புங்க" என்றேன். மாத்திரையை நான் காரணமாகச் சொல்லவில்லை. பன்னைப் பிய்த்து என் கையில் கொடுத்தபடி அக்காதான் அதைச் சொன்னாள்.

"மேடையில ஏறிப் பேசறதுக்குன்னு இவனா மாத்திரையை மாத்தித் தின்னுட்டானுங்க. டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

ஆசிரியை என் பக்கம் திரும்பினார்.

"எங்க அம்மா தோட்டத்து லயத்து வீட்டுல ஒழுகுற கூரைக்குக் கீழ சட்டி வெச்சே காலத்தை ஓட்டுனவங்க. மழையைப் பத்தி எங்களுக்குப் பாடம் வேண்டாம் தம்பி. நடுவுல நின்னீங்களே, பேச்சு வரலையா?"

"வரலைங்க."

"வரலைன்னா உக்காந்துட வேண்டியதுதானே. கல்லெறிஞ்சுட்டுத்தான் உக்காரணுமா?"

பனி இறங்கி எங்கள் மூவரையும் ஒரே வெள்ளையில் சுற்றியிருந்தது. அந்த வெள்ளைக்குள், இருவர் காதிலும் விழும்படி வாய்விட்டுச் சொன்னேன்:

"மீந்த மாத்திரை அத்தனையும் இந்த வாரமே டாக்டர்கிட்டத் திருப்பிக் குடுத்துடறேன். புதுசுல என் பேச்சு வறண்டு போகுதுன்னு பயமா இருக்குன்னு அவங்ககிட்டயே சொல்றேன். அவங்களுக்குத் தெரியாம ஒரு வேளை கூட மாத்த மாட்டேன். மேடையில பேச்சு வரலைன்னா, வரலைன்னு சொல்லிட்டு உக்காந்துக்குவேன்."