டேட்டா சென்டருக்கு யார் உபயம்?

காலை 7.10. ரவாங்கிலிருந்து கோலா சிலாங்கூருக்கு நெடுஞ்சாலை இருக்கிறது. நான் பத்து ஆராங் ஊர் வழியாகப் பழைய சாலையைப் பிடித்தேன். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். வழியில் பெஸ்தாரி ஜெயாவில் மகேஸ்வரியை ஏற்றிக்கொள்ள வேண்டும். மகேஸ் என் சித்தப்பா மகள். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி மசாலா மில் நடத்துகிறாள். நான் ஒரு தொழிற்சாலையில் சார்ஜ்மேன். உயர் அழுத்த மின்சாரத்தில் வேலை செய்ய உரிமம் வைத்திருப்பவன். அந்தத் திமிரில் இன்றைய விசாரணையில் வாசிக்க நான்கு பக்கம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

7.55. மில் வாசலிலேயே மூன்று முறை தும்மிவிட்டேன், அவ்வளவு மிளகாய் நெடி. உள்ளே ஒரு புது அரவை இயந்திரம் துணி போர்த்தி நின்றது. அதை ஓட்டப் பெரிய மின் இணைப்பு வேண்டும் என்று மகேஸ் விண்ணப்பித்திருந்தாள். அதே நேரம் பார்த்து, ஆறு கிலோமீட்டர் தள்ளிப் பழைய தோட்ட நிலத்தில் டேட்டா சென்டர் ஒன்று வருகிறது. அதற்காகப் புது மின்நிலையமும் உயர் அழுத்தக் கம்பிப் பாதையும் போட வேண்டும். அந்தச் செலவை வட்டாரத்தில் புதிதாக மின்சாரம் கேட்கிற எல்லாரும் பகிர்ந்துகொள்ளட்டும் என்று சென்டர் கட்டுகிற நிறுவனம் யோசனை சொல்லியிருக்கிறது. மகேஸின் பங்கு முப்பத்தெட்டாயிரம் மலேசிய வெள்ளி. அதைக் கட்ட அவளால் முடியாது. கட்டாவிட்டால் இயந்திரம் ஓடாது, அவள் வேலை தருவதாகச் சொன்ன மூன்று பெண்களுக்கும் வேலை இல்லை. அந்த யோசனையைப் பற்றித்தான் இன்று கோலா சிலாங்கூரில் பொது விசாரணை.

செம்பனைகளுக்கு நடுவே கம்பிப் பாதைக்கு அடையாளமாகச் சிவப்புத் துணி கட்டிய குச்சிகள் வரிசையாக நின்றன. மகேஸ் அவற்றை எண்ணிக்கொண்டே வந்தாள். கிலோவோல்ட்டு, மெகாவாட்டு எல்லாம் தன் வாயில் வராது, நீங்களே பேசிவிடுங்கள் என்றாள். என்னிடம் விட்டுவிடு என்றேன்.

9.20. கோலா சிலாங்கூர். பசியாற இரண்டு ரொட்டி சானாய், குடிக்க இரண்டு தே தாரிக், எட்டு வெள்ளி. பக்கத்துக் குன்றிலிருந்து இறங்கிய குரங்கு ஒன்று கார்க் கூரையில் ஏறி உட்கார்ந்திருந்தது. விரட்டிவிட்டு விசாரணை நடக்கும் டேவான் மண்டபத்துக்குப் போனோம்.

10.00. மண்டபத்தில் அறுபது பேர் இருப்பார்கள். விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஒரு மலாய் அம்மையார். என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து வாசித்தேன். இரண்டாம் பக்கம் முடிவதற்குள் சுங்கை பெசாரிலிருந்து வந்திருந்த ஐஸ் ஆலைக்காரர் கண்ணயர்ந்துவிட்டார். நிறுவனத்தின் பிரதிநிதி பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பதில் சொன்னார். புது நிலையம் வந்தால் ஊருக்கே நல்ல மின்சாரம் கிடைக்கும், பயன் எல்லாருக்கும் என்றால் செலவும் எல்லாருக்கும்தானே என்றார். நான் மூன்றாம் பக்கத்தைப் புரட்டினேன். அதற்குப் பதில் அதில் இல்லை. தாள்களை மகேஸ் பக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அப்போது மகேஸ் எழுந்தாள். மலாயில்தான் பேசினாள். எங்கள் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பம் உபயமாக ஏற்கும். பூ, மேளம், அன்னதானம் எல்லாம் அன்றைக்கு அவர்கள் செலவு, பக்கத்து வீட்டுக்குப் பணம் கேட்டுச் சீட்டு அனுப்புவதில்லை என்றாள். உபயத்துக்கு மலாயில் சொல் கிடைக்காமல் ஒரு கணம் திணறினாள். பிறகு "கெண்டூரி" என்றாள். வீட்டு விருந்துக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் சொல். மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்து அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"கெண்டூரி வைக்கிறவங்க பந்தல் போடுறாங்க. நிழல் பக்கத்து வீட்டுலயும் விழுது. அதுக்காக அந்த வீட்டுக்காரங்ககிட்ட நிழலுக்குக் காசு கேப்பாங்களா?"

முதலில் சிரித்தவர் ஐஸ் ஆலைக்காரர். தலைவி அம்மையாரும் சிரித்தார். பிறகு பிரதிநிதியிடம் இரண்டு கேள்வி கேட்டார். உங்கள் சென்டர் வராவிட்டால் இந்த நிலையம் தேவையா? தேவையில்லை என்று ஒப்புக்கொண்டார் அவர். பாதியில் நீங்கள் மூடிவிட்டுப் போனால் நிலையம் கட்டிய மிச்சக் கடனை யார் கட்டுவது? கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார்.

குழு அரை மணி நேரம் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தது. நிலையமும் கம்பிப் பாதையும் முழுக்க நிறுவனத்தின் செலவு. இடையில் விட்டுப் போனாலும் மிச்சம் ஊரார் தலையில் விழாதபடி வைப்புத்தொகை கட்ட வேண்டும். மகேஸ் கட்ட வேண்டியது சாலைக் கம்பத்திலிருந்து மில் வரைக்குமான கேபிளுக்கு மட்டும். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். வலித்தது, மாவு மூட்டை தூக்குகிற கை.

பிற்பகல் 1.40. மில்லில் இயந்திரத்தின் மேலிருந்த துணியை உருவி மடித்து வைத்தாள். அடுத்த திருவிழாவில் ஒரு நாள் உபயம் எடுக்கப்போவதாகச் சொன்னாள். சந்தோஷத்தில் நான், பாதி என் செலவு என்று சொல்லிவிட்டேன்.

"காலையில அவ்ளோ நேரம் எதுக்குண்ணே பேசினேன்? உபயம் என்னுது லா."

மாலை 3.30. ரவாங். எங்கள் தொழிற்சாலையின் மின்நிலையத்தைத் தினமும் திறந்து மூடுகிறேன். அது யார் உபயம் என்று இத்தனை ஆண்டில் நான் கேட்டதில்லை. நாளைக்குக் கேட்க வேண்டும். வீட்டில் மனைவி, மகேஸ் கொடுத்தனுப்பிய மல்லித்தூள் பொட்டலத்தைப் பிரித்தாள். மடித்திருந்த தாள் என் மூன்றாம் பக்கம்.