மாமா போட்ட கடைசிக் கோடு

அப்பாவைப் படம் போட வேண்டும் என்று மாமா கேட்டபோது, அப்பா மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். மாமா அம்மாவின் தம்பி. பெங்களூரில் ஒரு பத்திரிகைக்குப் படம் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். அதை ஒரு வேலையென்றே அப்பா ஒப்புக்கொண்டதில்லை. சுதந்திரம் வந்த புதிது; எனக்கு ஏழு வயதிருக்கும். மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டுக்கு மாமா வந்ததிலிருந்து, அம்மா இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டே பரிமாறினாள்.

அப்பா மறுக்கவில்லை. ஆபீஸ் கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மாமாவின் தோளோரம் நின்றேன்.

மாமா பேனா முள்ளை மையில் தோய்த்தார். தலைப்பாகையையும் கோட்டையும் மெல்லிய கோடுகளில் ஓட்டிவிட்டார். புருவத்துக்கு வந்ததும் அழுத்தினார். முள் விரிந்து கோடு தடித்தது. அது காகிதத்தைக் கீறுகிற சத்தம் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை.

"முடிஞ்சுதா?" என்றார் அப்பா.

"ஸ்வல்பம் அசையாம இருங்கோ அத்திம்பேர். ஒரு கோடுதான் பாக்கி."

மாமா அப்பாவைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். பிறகு உதட்டோரத்தில் ஒரு கோட்டைக் கீழே இழுத்தார்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அப்படியே இருக்கு மாமா. அம்மாவை அடிக்கறதுக்கு முன்னாடி அப்பா இப்படித்தான் இருப்பார்" என்றேன். மாமாவைப் பாராட்டுவதாக எனக்கு நினைப்பு.

அப்பா எழுந்து வந்து காகிதத்தை எடுத்தார். கிழித்துவிடுவார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கிழிக்கவில்லை. வெகுநேரம் பார்த்தார்.

"நான் இப்படியா இருக்கேன்?" என்று அம்மாவைக் கேட்டார்.

அப்பாவின் எதிரே நின்று பேசிப் பழகாதவள் அம்மா. தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆமாம்" என்றாள்.

அப்பா காகிதத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போனார்.

"அக்கா, பெட்டியை எடு. அவர் திரும்பறதுக்குள்ளே கிளம்பிடலாம்" என்றார் மாமா.

அம்மா என் பாவாடைகளையும் தன் புடவைகளையும் அடுக்கி, மேலே அந்தப் படத்தை வைத்து மூடினாள். ரயிலில் ஜன்னலோரம் கிடைத்ததில் எனக்கு ஏக சந்தோஷம்.

நாங்கள் பெங்களூரிலேயே தங்கிவிட்டோம். அப்பா ஆள் அனுப்பித் திரும்பக் கூப்பிடும்போதெல்லாம் அம்மா தடுமாறிப்போவாள். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, படத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு வெளியே வந்து, வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவாள். அம்மாவுக்கு அப்பாவின் மேல் எவ்வளவு ஆசை என்று நான் நினைத்துக்கொள்வேன்.