அண்ணியின் இடுப்பில் இருந்த பியூஸ் கட்டை

வெள்ளைப் பீங்கானில் செய்த, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பியூஸ் கட்டை. அண்ணியை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்னால் எனக்கு அதுதான் வருகிறது. மற்ற பெண்கள் சாவிக்கொத்தைச் சொருகும் இடத்தில் அவர் அதைச் சொருகியிருப்பார். எங்கள் மீன் குளத்தில் யார் கால் வைப்பதென்றாலும் முதலில், சக்கரம் சுற்றித் தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டரின் பியூஸைப் பிடுங்க வேண்டும். பிடுங்கியது அண்ணியின் இடுப்புக்குப் போய்விடும். இறங்கியவர் கரையேறி அவர் முன்னால் வந்து நின்றால்தான் திரும்பக் கிடைக்கும். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்டால், "அணைச்சத எவன் வேணா போடுவான் தம்பி. இது இல்லாம எவன் போடுவான்?" என்பார்.

நியாயமாகப் பார்த்தால் தண்ணீரில் இறங்குகிறவன்தான் அதை வைத்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. ஒருநாள் நான் லுங்கி மடிப்பில் சொருகிக்கொண்டு இறங்க, அது குளத்தோடு போயிற்று. அன்றைக்குப் பறிபோன பொறுப்பு எனக்குத் திரும்ப வரவே இல்லை.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு தாழ்வான நிலம். மழை கொஞ்சம் அதிகமானால் நெல் அழுகிப்போகும். அண்ணன் வெளிநாட்டில் இருந்தார். அந்த நிலத்தைக் குளமாக வெட்டிக் கட்லா, ரோகு மீன்கள் விடலாம் என்று பிடிவாதம் பிடித்தவர் அண்ணிதான். திட்டக்குடிப் பக்கத்து மேட்டுநிலத்திலிருந்து வந்தவர், மீனைச் சட்டியில் மட்டுமே பார்த்து வளர்ந்தவர். உறவு முழுக்கச் சிரித்தது. "மொத வருஷம் மீன எடுத்துக் காட்டு. இல்லன்னா மண்ணப் போட்டு மூடிடலாம்" என்று அண்ணனும் போனில் சொல்லிவிட்டார். அந்த முதல் மகசூலில்தான் அண்ணியின் மானம், மரியாதை எல்லாம் கிடந்தது.

பிடிவாதக்காரர்தான், ஆனால் கண்மூடித்தனமானவர் இல்லை. விடியற்காலையிலும் மூடாப்புப் போட்ட நாளிலும் ஏரேட்டர் ஓடியே ஆக வேண்டும். நல்ல வெயிலில் நான் மறந்துபோய் ஓடவிட்டிருந்தால் அவரே வந்து அணைப்பார். "வெயில் காயுறப்ப தண்ணிக்கு வேண்டிய காத்த பாசியே குடுத்துடும். இப்ப ஓட்டுனா கரண்ட்டு பில்லுதான் கொழுக்கும், மீனு கொழுக்காது."

மீன் பிடிக்க இன்னும் சில வாரமே இருந்த நேரத்தில் ஐப்பசி மூடாப்பு பிடித்துக்கொண்டது. ஒருநாள் விடிந்து நேரமாகியும் வெளிச்சமே இல்லை. கொக்கும் நீர்க்காகமும் இறங்காமலிருக்கக் குளத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நைலான் நூல் கட்டியிருந்தோம். காற்றில் அது அறுந்து விழுந்து, ஒரு ஏரேட்டரின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. வழக்கமாகக் கயிற்றைப் பிடித்து ஏரேட்டரைக் கரைக்கு இழுத்துவிடுவோம். அன்றைக்கு இழுத்தும் அது அசையவில்லை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு ஏரேட்டருக்கும் சேர்த்து ஒரே பியூஸ். அண்ணி என் முகத்தைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், பியூஸைப் பிடுங்கி இடுப்பில் சொருகினார். ஓடிக்கொண்டிருந்த ஏரேட்டரும் நின்றது. நான் இறங்கினேன்.

நெஞ்சளவு தண்ணீரில் நின்று கத்தியால் நூலை அறுத்துக்கொண்டிருந்தேன். மூச்சுக்குத் தவிக்கும் மீன்கள் என் விலாவில் வந்து வந்து முட்டின. அப்போதுதான் பக்கத்துக் குளத்து மாமா ஓடி வந்தார். தங்கமான மனுஷர். எங்கள் வட்டாரத்துக் குளத்துக்காரர்களின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டுச் செம்புக் கம்பி இருக்கும். பியூஸ் போனால் அந்த இடத்தில் கம்பியைச் செருகி ஓட்டிவிடுவார்கள். மாமா கம்பியைக் கையில் எடுத்தபடியே வந்தார்.

"ஏம்மா, மீனு பூரா சாவுது, நீ வேடிக்க பாக்குற?"

"தம்பி தண்ணியில நிக்கிறாரு மாமா."

"அவன ரெண்டடி தள்ளி நிக்கச் சொல்லு. நகரு, நான் போடுறேன்."

அண்ணி நகரவில்லை. சுவிட்சுப் பெட்டியில் முதுகைச் சாத்திக்கொண்டு நின்றார். குளத்தின் ஓரத்தில் மீன்கள் வெள்ளை வெள்ளையாக மல்லாக்க மிதக்க ஆரம்பித்திருந்தன. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததை நான் அங்கிருந்தே பார்த்தேன். "மீனு செத்தா குஞ்சு வாங்கி வுடலாம். தம்பிய எங்க வாங்குறது?" என்று கத்தினார். அவர் குரல் அவ்வளவு உயர்ந்து அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

கடைசிச் சுற்று நூலை அறுத்தபோதுதான் பார்த்தேன். நூல் இறுக்கிய இடத்தில் ஏரேட்டருக்கு வரும் கேபிளின் தோல் உரிந்து, செம்பு தண்ணீருக்குள் பளபளத்தது. ரெண்டடி என்ன, குளத்தின் எந்த மூலைக்கு நகர்ந்திருந்தாலும் நான் தப்பித்திருக்க மாட்டேன். கரையேறி அதைச் சொன்னேன். மாமா கம்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த ஏரேட்டரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அண்ணி பியூஸை என் கையில் தந்தார். மற்றது ஒன்றே ஓடியது. ஒரு பங்கு மீன் செத்தது, மிச்சம் பிழைத்துக் கடலூர் மார்க்கெட்டுக்குப் போனது. மண்ணைப் போட்டு மூடும் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

இப்போது அண்ணி குறிஞ்சிப்பாடியில் மகள் வீட்டில் இருக்கிறார். குளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ஏரேட்டருக்கும் தனி பிரேக்கர், கரண்ட் கசிந்தால் தானாக விழும் பிரேக்கர் வேறு. போன வாரம் வந்திருந்த அண்ணியிடம் எல்லாவற்றையும் பெருமையாகக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டவர், ஒற்றை விரலால் ஒரு பிரேக்கரைக் கீழே தள்ளினார், மேலே தள்ளினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இத எவன் வேணா மேல தள்ளலாமே, தம்பி?"

உடனே பைக்கை எடுத்துப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்தேன். அன்றைக்கு ஒரு ஏரேட்டரில் பாசி சுற்றியிருந்தது. பிரேக்கரை அணைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகப் போனேன்.

"லுங்கியிலயா?" என்று கையை நீட்டினார்.

கொடுத்தேன். அவர் அதை அதே இடத்தில் சொருகிக்கொண்டு பெட்டியில் சாய்ந்து நின்றார். நான் திரும்பிப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கினேன்.