அம்மாவின் கன்னத்துச் செல்கள்

திருப்பதியில் கல்லூரியில் சேர்ந்த புதிதில், கண்ணில் பட்டதையெல்லாம் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் வெறி எனக்கு. ஒரு விடுமுறையில் கண்ணாடித் தகடு ஒன்றை எங்கள் ஊரான நகரிக்கு எடுத்துப்போய், அம்மாவை வாய் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறத்தைத் தீக்குச்சியால் லேசாக வழித்து அதில் தடவிக்கொண்டேன்.

"வெத்தல போட்ட வாயிடா, இதுல இன்னா தெரியப் போவுது?"

"செல்லு தெரியும்மா. நம்ம உடம்பே அதாலதான் ஆயிருக்குது."

"நம்ம ஊரு மெட்ராஸுக்கா ஆந்திராவுக்கான்னு அவனவன் சண்ட போட்டுக்கினு இருக்கான். அதுவும் தெரியுதான்னு பாரு."

கல்லூரிக்குத் திரும்பியதும் நீலச் சாயமிட்டுப் பார்த்தேன். தளம் பாவியதுபோல் ஒட்டி ஒட்டிச் செல்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி. நண்பர்களைக் கூப்பிட்டு, "எங்க அம்மாடா!" என்று காட்டிவிட்டு, தகட்டை மற்றவற்றோடு தட்டில் வைத்தேன்.

அடுத்த வாரமே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். காரியத்தன்று, மாலை போடுவதற்குப் படம் தேடியபோதுதான், வீட்டில் அவளுடைய போட்டோ ஒன்றுகூட இல்லையென்று தெரிந்தது. அந்தத் தகடாவது இருக்குமே என்று மறுநாள் ரயிலேறி ஓடினேன்.

தட்டில் எல்லாத் தகடுகளும் பளிச்சென்று இருந்தன. எங்களிடம் தகடுகள் குறைவு. அதனால் சனிக்கிழமைதோறும் மாணவர்களே முறைவைத்துக் கழுவுவோம். அம்மா இறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை என் முறை. குளத்துத் தண்ணீரில் என்ன நெளிகிறது என்று பார்க்கிற அவசரத்தில், எதையும் பிரித்துப் பார்க்காமல் மொத்தத்தையும் சோப்புத் தண்ணீரில் போட்டுத் தேய்த்தது நான்தான்.