திருப்பிக் கொடுக்கப் போன தட்டு

திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்கும்போது என் வீட்டுக்காரர் மயங்கி விழுந்தார். நெஞ்சுவலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேனியில் ஈசிஜி எடுத்த டாக்டர், அவருடைய அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார். கிணற்றுமேட்டில் நின்றவர் அப்படியே சாய்ந்துவிட்டதைச் சொன்னேன். இது பரம்பரையாக வருகிற இதயத் துடிப்புக் கோளாறு மாதிரித் தெரிகிறது, பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும் என்று சொல்லி, உடனே மதுரைக்கு அனுப்பினார்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அந்தத் தாளிலிருந்த கோட்டுக்கு எழுத்து வேண்டாம். ஒவ்வொரு துடிப்பும் சட்டென்று ஏறி, மேகமலைச் சரிவு போலச் சாய்ந்து இறங்கியது.

மகன் ஆம்புலன்ஸில் போனான். நான் மாற்றுத்துணி எடுக்க மார்க்கையன்கோட்டை வீட்டுக்கு வந்தேன். பீரோவைத் திறந்தால், மகளுக்கு முந்தின மாதம் நிச்சயத்தில் மாப்பிள்ளை வீட்டார் வைத்த சேலையும் வெள்ளித்தட்டும் கண்ணில் பட்டன. சீக்கை மறைத்துப் பெண் கொடுத்தாள் என்று என்னை ஒரு வாய் சொல்லக்கூடாது. அவர்கள் கேட்குமுன் நானே கொடுத்துவிடுவதுதான் மரியாதை. மகளிடம் சொன்னேன். அவள் மடித்திருந்த சேலையை உதறி மறுபடி மடித்துத் தந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரரின் அக்கா. குச்சனூரில் அவர் முன்னால் சேலையோடு தட்டை வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"இவுக ரத்தத்துல சீக்கு இருக்காம் மதினி. உங்க மகனுக்கு வேற எடம் பாருங்க."

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார்.

"ஏத்தா, கிணத்துமேட்டுல செத்தவுக எனக்கும் அப்பாதான? எனக்கு மட்டும் ரத்தத்த மாத்தியா விட்டாக? எந்திரி, தம்பியப் பாக்கப் போவம்."

அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. மதுரைக்குப் பஸ்ஸில் போகும்போது வேறு மாதிரி உறைத்தது. இரண்டு பக்கமும் அந்தச் சீக்கு இருந்தால் பேரப்பிள்ளைகள் என்ன ஆகும்? மதினியிடம் சொல்லவில்லை. அவர் வாங்காத தட்டு சேலையோடு என் மடியிலேயே இருந்தது.

நாங்கள் போய்ச் சேருவதற்குள் ரத்தக்குழாயில் அடைப்பை நீக்கி ஸ்பிரிங் வைத்திருந்தார்கள். வந்தது மாரடைப்புதானாம், கோடுதான் பரம்பரைக் கோளாறு மாதிரி வேஷம் போட்டதாம். மதுரை டாக்டர் புதுத்தாளைக் காட்டினார். சரிவைக் காணோம். மகளுக்கு வருமா என்று இரண்டு தரம் கேட்டேன். அந்தக் கோளாறே இல்லை, கல்யாணத்தை நடத்துங்கள் என்றார்.

கண் விழித்த என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார்.

"இங்கனயா நிச்சயம்?"

"ஒம் பொண்டாட்டியக் கேளுலே," என்றார் மதினி.

நான் வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டேன். அப்பா பிழைத்துக்கொண்டார், திரும்பி வருகிற சேலையை நீ இன்னொரு தரம் மடிக்க வேண்டியிருக்கும் என்றேன்.