மேல்தட்டில் இருநூறு கிலோ

சமையலறையில் ஏதோ தடாலென்று விழுந்தது. தருமன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். இரண்டு கைகளும் தலையை மூடியிருந்தன.

"ஒண்ணும் இல்லீங்க, அப்பளம் டப்பா" என்று உள்ளேயிருந்து சொன்னாள் அவர் மனைவி சின்னபொண்ணு.

எதிரே உட்கார்ந்திருந்த முதலாளி சிவப்பிரகாசம் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தருமனால் சகிக்க முடியவில்லை. ஒரு மனிதனின் கால் போய் முழுதாக ஆறு நாள் ஆகவில்லை. இந்த ஆளால் எப்படிச் சிரிக்க முடிகிறது?

இருவருக்கும் நடுவிலிருந்த ஸ்டூலில், திறந்த அட்டைப்பெட்டிக்குள் அரக்கு நிறப் பட்டுச்சேலை ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. தை மாதம் தருமனின் மகள் மணிமேகலைக்குக் கல்யாணம். முகூர்த்தச் சேலை என் செலவு என்று சொல்லித்தான் சிவப்பிரகாசம் வந்திருந்தார். அதற்குப் பதிலாக தருமன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதுமாம். நாளைக் காலை பத்து மணிக்குத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார். கால் போன அருணாச்சலம் யாரையும் கேட்காமல் தானாக இரும்பு மோல்டைப் பிடித்து இழுத்தான், அதனால் விழுந்தது என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

தருமன் தேவிகாபுரத்துக்காரர். பட்டு வியாபாரியான சிவப்பிரகாசம் 1991இல் ஆரணியில் தன் சேலைக் குடோனை ஒட்டி நூல் சுற்றும் பாபின் செய்யும் பிளாஸ்டிக் கம்பெனி ஆரம்பித்தபோது, முதல் பஸ் பிடித்து வேலைக்கு வந்தவர். மோல்டு அறைக்கு அவர்தான் பொறுப்பு. பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்துகிற இரும்பு அச்சுதான் மோல்டு. சின்னது முப்பது கிலோ, பெரியது இருநூறு. கனமானவை எல்லாம் கீழ்த்தட்டில், பாரம் தூக்கும் செயின் புல்லிக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். அடிக்கடி ஓடுகிறவை வாசலோரம். இரண்டு பாதியும் கழன்று பிரியாதபடி ஒவ்வொன்றுக்கும் இரும்புப் பட்டை. துருப்பிடிக்காமல் எண்ணெய்ப் பூச்சு. தாங்கும் எடையைத் தட்டு ஒவ்வொன்றின் முகப்பிலும் எழுதியிருந்தார். எந்த மோல்டைக் கேட்டாலும் இருபது நிமிடத்தில் மெஷினில் ஏற்றிக் காட்டுவார். பதினோரு வருஷத்தில் அந்த அறையில் யாருக்கும் ஒரு நகம்கூடப் பெயர்ந்ததில்லை.

போன வருஷத்து ஐப்பசி மழையில் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. இருப்பதிலேயே விலை உயர்ந்த இருநூறு கிலோ மோல்டில் துரு ஏறிவிட்டது. சிவப்பிரகாசம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்று கத்தினார். அவருடைய சேலைக் குடோனில் விலை கூடின பட்டு எப்போதும் மேல்தட்டில்தான் இருக்கும். ஈரமும் எலியும் அங்கே எட்டாது. முப்பது வருஷப் பழக்கம். அதையே இங்கேயும் செய்யச் சொன்னார். இருநூறு கிலோவை மேல்தட்டு தாங்காது, கீழே இரண்டு வரிசை செங்கல் கட்டி உயர்த்திவிட்டால் போதும் என்று தருமன் சொல்லிப் பார்த்தார்.

"சரக்கு எப்பிடி வெக்கணும்னு எனக்கே சொல்லித் தரியா நீ?"

நான்கு பேராகத் தூக்கி வைத்தார்கள். அதில் இரண்டு கைகள் தருமனுடையவை. அன்றிலிருந்து அந்தக் கைகளைப் பார்த்தால் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

ஒரு வருஷம் பொறுத்த மேல்தட்டு போன செவ்வாய்க்கிழமை வளைந்தது. கீழே குனிந்து சின்ன மோல்டு எடுத்துக்கொண்டிருந்த மெஷின்காரர் அருணாச்சலத்தின் முழங்காலில் அந்த இரும்பு இறங்கியது. சத்தம் கேட்டு ஓடிவந்த சிவப்பிரகாசம் முதலில் மோல்டின் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். அதன் மீதிருந்த ரத்தத்தைத் துண்டால் துடைத்து, கீறல் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் வண்டிக்குச் சொல்லி அனுப்பினார். அந்த விரலைத் தருமன் செத்தாலும் மறக்கமாட்டார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். சாவியைக் கொடுத்துவிட்டுத் தருமன் அங்கே துணைக்கு இருந்த நாளில், கம்பெனியில் தட்டுகளுக்கு அவசரமாகப் பச்சைப் பெயிண்ட் அடிக்கப்பட்டது. எழுதியிருந்த எடைகள் எல்லாம் மறைந்துபோயின.

"இன்னா தருமா யோசிக்கிற? அவனை நான் வுட்டுடுவனா? தீபாவளிக்கு வேட்டி, மாசா மாசம் ஒரு மூட்டை அரிசி" என்றார் சிவப்பிரகாசம்.

காலுக்கு அரிசி. அவனே இழுத்தான் என்று எழுதிவிட்டால் அருணாச்சலத்துக்குச் சேரவேண்டிய நஷ்ட ஈடு கிடைக்காமலே போகும். அவன் பெண்டாட்டி பிள்ளைகள் ஆயுசு முழுக்க இந்த ஆளின் அரிசி மூட்டைக்குக் கையேந்தி நிற்பார்கள்.

சின்னபொண்ணு நெளிந்துபோன டப்பாவோடு வெளியே வந்தாள். சேலையை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்கூட்டு அடுப்பாங்கரையில கூட அரிசி கீழ கீது, அப்பளம் மேல கீதுங்க அய்யா. அதான் யாருக்கும் மண்டை ஒடையல."

சிவப்பிரகாசத்தின் முகம் சிறுத்தது. அவர் தருமன் பக்கம் திரும்பினார். "தூக்கி வெச்சது யாரு? நீதானே? மாட்டினா நீதான் மாட்டுவ."

"ஆமாங்க, நான்தான் வெச்சேன். அத்தயும் சொல்லப்போறேன். யாரு சொல்லி வெச்சேன்னும் சொல்லுவேன்."

"எவன் நம்புவான்?"

"பெயிண்டுக்கு அடியில எழுத்து கீது மொதலாளி. நான் வெறும் பெயிண்ட்ல எழுதல. மோல்டுக்கு நம்பர் போடற உளிய வெச்சி அடிச்சி, அது மேலதான் பெயிண்ட் குடுத்தேன். மேல்தட்டுல அம்பது கிலோன்னு போட்டுகீறேன். சுரண்டினா தெரியும்."

சிவப்பிரகாசம் கையை நீட்டி மோல்டு அறைச் சாவியைக் கேட்டார். தருமன் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாவி அங்கேதான் இருந்தது.

"பத்து மணிக்கு நானே தொறந்து காட்டிட்டு, அப்புறம் தரேங்க."

"அதோட உனக்கு வேலை இல்ல."

"தெரியுங்க" என்றார் தருமன். பெட்டியை மூடி, இரண்டு கையாலும் எடுத்து முதலாளியிடம் நீட்டினார்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. சிவப்பிரகாசம் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். சேலைப் பெட்டியில் ஒரு துளி படாதபடி அதைச் சட்டைக்குள் செருகி, நெஞ்சோடு அணைத்து, குனிந்தபடி கார் வரைக்கும் ஓடினார். அருணாச்சலத்தை வண்டியில் ஏற்றியபோது அவர் இவ்வளவு பதறவில்லை.

சின்னபொண்ணு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.