மோசெலுக்குப் போட்ட மூன்று மொட்டை

கைக்குழந்தையிலேயே வைசூரி வாரிக்கொண்டு போயிருக்க வேண்டியவள்; பிழைத்தாள். சிங்கப்பூரில் புருஷன் செத்து, ஊர் திரும்பக் கப்பல் காசுக்கும் வழியில்லாமல் நின்றவள். ஒரு யூத வியாபாரி வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை தேடிக்கொண்டாள். ஜப்பான்காரர்கள் யூதர்களை முகாமில் அடைத்தபோது, அந்த வீட்டுப் பெண் குழந்தையைத் தன் பெண் என்று சாதித்து, சண்டை முடிந்ததும் பெற்றவர்கள் கையில் பத்திரமாகக் கொடுத்தாள். பிள்ளையார்பாளையம் நீலாம்பாள் ஜெயித்தவை இவை. இதில் ஒரு இழைகூட மிகையில்லை.

அந்தப் பெண் மோசெல், ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டனிலிருந்து பிள்ளையார்பாளையம் வந்து சேர்ந்தாள். யூதர்களைக் காப்பாற்றியவர்களுக்கு மரியாதை செய்கிற ஒரு சங்கத்தின் ஆளும் கூட வந்திருந்தார். டெல்லிக்கும் யூதர்களின் நாட்டுக்கும் உறவு பட்டும் படாமலும் இருந்த காலம். பந்தல், மாலை என்று போனால் டெல்லியில் முகம் சுளிப்பார்கள் என்று, நீலாம்பாள் வீட்டுக் கூடத்திலேயே காரியத்தை முடித்துக்கொள்ள அவர் நினைத்தார்.

நீலாம்பாளுக்கு மாலை ஒரு பொருட்டில்லை. மனதை அரித்தது வேறு. குழந்தையின் செம்பட்டை முடி காட்டிக்கொடுத்துவிடுமே என்று, சிங்கப்பூர் முருகன் கோயிலில் மூன்று தரம் மொட்டையடித்து, வேண்டுதல் என்று ஊர் வாயை அடைத்திருந்தாள். நெற்றியில் விபூதி, கூப்பிட வள்ளி என்று பெயர். வேறு மதத்துப் பிள்ளை. வளர்ந்த பிறகு அதைப் பாவம் என்று நினைக்கிறாளோ?

மொழிபெயர்க்க வந்த தேவசகாயம் வாத்தியார், சங்கத்துக்காக நீலாம்பாள் சொல்லி எழுதிய வாக்குமூலத்தைப் படித்துவிட்டுத் தயங்கினார். "ஒரு இடம் மட்டும்மா. கோயில், மொட்டை வேணாம்னு சங்கத்து சார் சொல்றாரு. மதம் மாத்தினதா அங்க பேசிடுவாங்களாம்."

நீலாம்பாள் முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் நமச்சிவாயத்துக்குப் பொறுக்கவில்லை. "மொட்டைய எடுத்துட்டா, என் தங்கச்சி கொழந்தைய இன்னா மடியிலயா முடிஞ்சி வெச்சிக்கினு இருந்தா?"

"சும்மா இருண்ணா. டெல்லிக்கு விழா ஆவாது, அங்க மொட்ட ஆவாது. நான் ஆவாததத்தான் செஞ்சிட்டேன் போல."

தேவசகாயம் பேச்சை மோசெலுக்கு இங்கிலீஷில் சொன்னார். அவள் எழுந்து வந்து நீலாம்பாளின் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். மறந்துபோன தமிழைத் தேடித் தேடிப் பேசினாள்.

"மூணாவது மொட்டைக்குக் கடிச்சேனே அம்மா. தழும்பு எங்க?"

"அடிப் பாவி! எலி மாதிரி கடிச்சிட்டு, கேள்வி வேறயா?"

மோசெல் சிரித்தாள், கண்ணில் நீர். சங்கத்து ஆளிடம் திரும்பி, "மொட்டை இருக்கட்டும். அது இல்லன்னா நான் இல்ல" என்றாள். அதையே இங்கிலீஷிலும் அழுத்திச் சொன்னாள். அந்த இடத்தை அடிக்கத் திறந்த பேனாவை அவர் மூடினார்.

நீலாம்பாள் விட்ட மூச்சு கூடம் முழுக்கக் கேட்டது. எத்தனையோ வருஷத்துப் பாரம்.

வாத்தியார் கைநாட்டு வாங்க மைப்பெட்டியைத் திறந்தார்.

"அத எடுங்கபா. நம்ம தெருப் பொம்பளைங்க படிப்பு வகுப்புல ஆறு மாசமா இன்னா பண்ணிக்கினு இருந்தேன்? என் பேச்சு முழுசா இருக்குது. என் பேரும் முழுசா இருக்கட்டும்."

அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாக, அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட தேதி 22 ஆகஸ்ட் 1971.